பழைய மீன்பிடிப் படங்களை எண்ணி என்ன தெரிந்துகொள்ள முடியும்?

கேள்வி இதுதான்: "அமெரிக்காவில் ஐம்பது, அறுபது வருடத்துக்கு முந்தைய மீன்பிடிப் படங்களைக் கணினியில் ஏற்றி, தன்னார்வலர்களை விட்டு அதிலுள்ள மீன்களை எண்ணச் சொல்கிறார்களாம். அந்தக் காலத்தில் என்னென்ன மீன், எவ்வளவு பிடித்தார்கள் என்று அதிலிருந்து கணக்கெடுக்கிறார்களாம். நிறைய மீன் கிடைத்த நாளில்தானே படம் எடுப்பார்கள்? வெறுங்கையோடு வந்த நாளில் யார் கேமராவைத் தூக்குவார்கள்? அப்புறம், மீனே தெரியாத ஆட்கள் எண்ணிக் கொடுப்பதை எப்படி நம்புவது?"

இரண்டுமே கேட்க வேண்டிய கேள்விகள். கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன். இந்த வேலை எனக்கு மிகவும் பிடித்தது; சில மாலை நேரங்களில் நானும் உட்கார்ந்து மீன் எண்ணியிருக்கிறேன்.

நீங்கள் சொல்வது பெரும்பாலும் 'ஃபிஷ்ஸ்டோரி' என்ற திட்டமாகத்தான் இருக்கும். தெற்கு அட்லாண்டிக் மீன்வள மேலாண்மைக் கவுன்சில் 2020இல் இதைத் தொடங்கியது. வட கரோலினாவில் ஆரம்பித்து ஃப்ளோரிடாவின் கிழக்குக் கரை வரை, கரையிலிருந்து 3 கடல் மைலுக்கு அப்பால் 200 கடல் மைல் வரையுள்ள மீன்பிடிப்புக்கு விதிமுறை வகுக்கும் அமைப்பு அது. படங்கள் வந்தது டேடோனா பீச் ஊரிலிருந்து. ரஸ்டி ஹட்சன் என்ற படகோட்டியின் குடும்பம் அங்கே பல காலமாகப் படகு ஓட்டியது. 1940களிலிருந்து 1970கள் வரை எடுத்த படங்கள் அவரிடம் இருந்தன. ஆயிரத்து முந்நூறுக்கும் மேற்பட்ட அந்தப் படங்களை ஸ்கேன் செய்து 'ஸூனிவர்ஸ்' தளத்தில் ஏற்றினார்கள். தன்னார்வலர்கள் ஆராய்ச்சிக்கு உதவும் பெரிய தளம் அது. விண்மீன் மண்டலங்களை (கேலக்ஸி) வகைப்படுத்தும் வேலையில் ஆரம்பித்து இன்று பறவை, பழைய கையெழுத்துப் பிரதி என்று எல்லாவற்றையும் அங்கே ஆட்கள் பார்த்துக் கொடுக்கிறார்கள்.

ஒரு படம் எப்படி இருக்கும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். படகுத்துறை. இரண்டு கம்பங்களுக்கு நடுவே குறுக்காக ஒரு பலகை, அதில் வரிசையாக ஆணி. ஆணிக்கு ஒன்றாகத் தலைகீழாகவோ வாய் மேலாகவோ மீன்கள் தொங்கும். சில படங்களில் இரண்டு மூன்று வரிசை. ஒன்றின் வால் இன்னொன்றின் முகத்தை மறைத்திருக்கும். மேலே படகின் பெயர் எழுதிய பலகை. பின்னாலும் பக்கத்திலும் ஆட்கள்: தொப்பி போட்டவர்கள், வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருப்பவர்கள், ஓரத்தில் ஒரு பையன். எண்ணுகிறவருக்கு முக்கியம் மீன். ஆனால் ஆராய்ச்சியாளருக்கு ஆணி அடித்த அந்தப் பலகையும் மீனுக்குச் சமமான முக்கியம். அது ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இந்தப் படகுகளுக்கு அங்கே 'ஹெட்போட்' என்று பெயர். தலைக்கு இவ்வளவு என்று காசு வாங்கிக்கொண்டு பத்து இருபது பேரை ஏற்றிப்போய்த் தூண்டில் போட வைப்பார்கள். மொத்தமாக வாடகைக்கு எடுக்கும் சிறிய படகு 'சார்ட்டர்'. இரண்டுமே சுற்றுலா வருமானத்தை நம்பியவை. வணிகத்துக்காக மீன் பிடிப்பவர்கள் கரையில் எடை போட்டு விற்பதால், அவர்கள் பிடித்ததற்கு ஏதோ ஒரு கணக்கு இருக்கும். பொழுதுபோக்குக்குப் பிடித்தவர்களின் மீன் நேராக வீட்டுச் சமையலறைக்குப் போய்விட்டது. ஹெட்போட்டுகளைப் பற்றிய முறையான கணக்கெடுப்பு அமெரிக்கத் தென்கிழக்குக் கரையில் 1972இல்தான் தொடங்கியது. நாடு தழுவிய பொழுதுபோக்கு மீன்பிடிக் கணக்கெடுப்பு அதற்கும் பின்னால், 1979இல். இரண்டாம் உலகப்போர் முடிந்து படகுகளும் சுற்றுலாவும் பெருகிய முப்பது வருடத்துக்குத் தாளில் அநேகமாக ஒன்றுமே இல்லை.

அந்த முப்பது வருட ஓட்டை ஏன் உறுத்துகிறது என்பதற்கு சங்கராவே உதாரணம். நம் மீன் சந்தையில் சங்கரா என்று விற்கும் மீன்களின் உறவுதான் அங்கே 'ரெட் ஸ்னாப்பர்'. அது ஐம்பது வருடத்துக்கு மேலும் உயிர் வாழும் மீன். 1975இல் பிடிபட்ட பெரிய சங்கரா ஒன்று 1930களில் பிறந்ததாகவும் இருக்கலாம். இவ்வளவு நீண்ட ஆயுள் உள்ள மீனின் நிலையைப் பத்து இருபது வருடப் புள்ளிவிவரத்தை வைத்துச் சொல்ல முடியாது. கணக்கு தொடங்கிய நாளிலேயே மீன் பாதியாகக் குறைந்திருந்தால், அந்தப் பாதியையே 'முழு' என்று எண்ணிவிடுவோம். டேனியல் பாலி என்ற மீன்வள அறிஞர் 1995இல் இதைத்தான் எழுதினார்: ஒவ்வொரு தலைமுறை விஞ்ஞானியும் தான் வேலைக்குச் சேர்ந்தபோது இருந்த கடலையே இயல்பான கடல் என்று வைத்துக்கொண்டு அதிலிருந்து குறைவை அளக்கிறார், அடுத்தவர் வரும்போது இயல்பே இன்னும் கீழே இறங்கியிருக்கும். தாத்தா பார்த்த கடல் பேரனின் கணக்கில் வருவதே இல்லை.

2010 ஜனவரியில் தெற்கு அட்லாண்டிக்கில் ரெட் ஸ்னாப்பர் பிடிக்கவே தடை வந்தது. அதன் பிறகும் சில வருடங்களில் சில நாட்கள் மட்டும்தான் அனுமதி இருந்தது. படகுக்காரர்களுக்குக் கோபம் வராமல் இருக்குமா? "எங்கள் கண்ணுக்கு மீன் தெரிகிறது, உங்கள் கணக்கில் இல்லையா?" என்று கேட்டார்கள். அப்படியொரு சூழலில் ஒரு படகோட்டி தன் குடும்பத்துப் படங்களை எடுத்துக் கொடுக்கிறார், அரசு சார்ந்த அமைப்பு அதை வாங்கி உட்கார்ந்து எண்ணுகிறது என்பதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. கணக்கு யாருடையது என்ற சண்டையில் இரு தரப்பும் சேர்ந்து பார்க்கக்கூடிய ஒரு பொருள் மேசைக்கு வந்திருக்கிறது.

சரி, உங்கள் முதல் கேள்வி. நல்ல நாளில்தானே படம் எடுப்பார்கள்?

ஆமாம். அதனால்தான் இந்தப் படங்களை வைத்து "1955இல் மொத்தம் இத்தனை டன் பிடித்தார்கள்" என்று யாரும் சொல்ல முடியாது. நேர்மையான ஆராய்ச்சியாளர் சொல்லவும் மாட்டார். ஒரு விஷயத்தைக் கவனியுங்கள்: நல்ல நாளில் படம் எடுக்கும் பழக்கம் 1955இல் மட்டும் இருந்ததில்லை, இன்றும் இருக்கிறது. அன்றைய பெருமையையும் இன்றைய பெருமையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டும் ஒரே பக்கம் சாய்ந்த தராசு. அன்று எந்த மீனைத் தூக்கிப் பெருமையாக நின்றார்கள், இன்று எதைத் தூக்கி நிற்கிறார்கள் என்று ஒப்பிடலாம். கடலில் எவ்வளவு மீன் இருந்தது என்று படம் சொல்லாது. 'நல்ல நாள்' என்று அந்தக் காலத்து மனிதர் எதைச் சொன்னார் என்று சொல்லும். எனக்கு இந்த முறையின் உயிரே இதில்தான் இருப்பதாகத் தோன்றுகிறது.

இதை மிகத் தெளிவாகச் செய்து காட்டியவர் லோரன் மெக்லெனகன். தன்னார்வலர் திட்டம் வருவதற்குப் பத்து வருடத்துக்கு முன்பே, 2009இல், ஃப்ளோரிடாவின் தென்கோடியில் இருக்கும் கீ வெஸ்ட் ஊர்ப் படங்களை வைத்து அவர் ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். ஊர் நூலகத்தில் சேர்த்து வைத்திருந்த படகுத்துறைப் படங்கள் அவை. 1956 முதல் 2007 வரையிலான படங்களில் 1,275 மீன்களை அளந்தார். 1950களில் சராசரி எடை 19.9 கிலோ. 2007இல் 2.3 கிலோ. 1956 முதல் 1960 வரையிலான படங்களில் பெரிய பெரிய களவா மீன்களே ஆட்சி செய்கின்றன. கூடவே ஏறக்குறைய இரண்டு மீட்டர் நீளச் சுறாக்கள். 2007இல் தொங்கியவை சராசரி 34.4 சென்டிமீட்டர் நீளமுள்ள சின்ன ஸ்னாப்பர்கள். சுறாக்களின் சராசரி நீளமும் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. அவர் இன்னொன்றையும் பார்த்தார்: படகுப் பயணத்துக்கு வாங்கும் கட்டணம் மீனோடு சேர்ந்து குறையவில்லை. வாடிக்கையாளர் அதே காசைக் கொடுத்து, பத்தில் ஒரு பங்கு எடையுள்ள மீனோடு அதே மாதிரி சிரித்துக்கொண்டு படம் எடுத்துக்கொள்கிறார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. அவருக்கு ஏமாந்த உணர்வே இல்லை. அவருக்குத் தெரிந்த கடலில் அது நல்ல மீன்.

ஆனால் இங்கேயும் கண்ணை மூடிக்கொண்டு முடிவுக்கு வரக்கூடாது. கோலியாத் களவா என்று ஒரு மீன் உண்டு. இரண்டரை மீட்டர் நீளம், முந்நூறு கிலோவுக்கு மேல் வளரும். தூண்டிலில் பிடித்த உலக சாதனையே 1961இல் ஃப்ளோரிடாவின் ஃபெர்னாண்டினா பீச்சில் பிடிபட்ட 308 கிலோ மீன்தான். 1990இல் அதைப் பிடிக்கத் தடை வந்தது. ஆக, 2007 படத்தில் கோலியாத் இல்லை என்றால் கடலில் இல்லை என்று அர்த்தம் கிடையாது. பிடித்தாலும் விட்டுவிட வேண்டும் என்று அர்த்தம். விட்ட மீன் பலகையில் தொங்காது. இன்னொரு பக்கம், குறைந்தபட்ச நீள விதி எதிர்த்திசையில் இழுக்கும். இவ்வளவு நீளத்துக்குக் கீழே வைத்துக்கொள்ளக் கூடாது என்றால் சின்ன மீன்கள் படத்திலிருந்து காணாமல் போய், சராசரி கூடியதுபோல் தெரியும். எந்த வருடம் எந்த விதி இருந்தது என்ற அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் இரண்டு காலத்துப் படங்களை ஒப்பிடவே கூடாது.

படகுத்துறைப் படங்களுக்குக் குடும்ப ஆல்பத்தைவிட ஒரு மேன்மையும் இருக்கிறது. அவை பயணிக்கு நினைவுப் படம், படகுக்கு விளம்பரம். தொழிலின் ஒரு பகுதியாக அடிக்கடி எடுத்ததால் ஓஹோ என்ற நாள் மட்டுமில்லாமல் சுமாரான நாளும் ஓரளவு உள்ளே வந்துவிடுகிறது. ஒரே படகு, ஒரே துறை, ஒரே பலகை, பல வருடம்: இந்த மாதிரித் தொடர் கிடைத்தால் அதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை. ஊர் ஊராகத் திரட்டிய உதிரிப் படங்களுக்கு அந்த மதிப்பு வராது.

இப்போது பலகைக்கு வருவோம். படத்தில் மீன் தெரிகிறது. நீளம் எப்படித் தெரியும்? பக்கத்தில் நிற்கும் ஆளின் உயரத்தை வைத்துச் சொல்லலாம் என்று தோன்றும். அது ஆபத்து. ஆள் பலகைக்கு ஒரு அடி பின்னால் நின்றால் மீன் பெரிதாகத் தெரியும். கையில் பிடித்து முன்னால் நீட்டினால் இன்னும் பெரிதாகும்; மீன் பிடித்த யாருக்கும் தெரிந்த வித்தை அது. பலகையிலேயே தொங்கும் மீனுக்கு இந்தப் பிரச்சினை குறைவு. பலகையும் மீனும் கேமராவிலிருந்து ஏறக்குறைய ஒரே தூரத்தில் இருக்கின்றன. பலகையின் அகலம் தெரிந்தால் அதுவே அளவுகோல். கணினித் திரையில் பலகை 50 புள்ளி (பிக்சல்) அகலம், மீன் 500 புள்ளி நீளம் என்று வையுங்கள். பலகை மூன்றரை அங்குலம் என்றால் மீன் 35 அங்குலம். ஃபிஷ்ஸ்டோரி குழுவும் பலகையின் மரத்தையே அளவுகோலாக வைத்து நீளம் கணிக்கும் முறையை உருவாக்கியது. முதலில் சோதித்துப் பார்க்க எடுத்துக்கொண்டது 'கிங் மேக்கரல்' மீனை. நம் வஞ்சிரத்தின் நேர் உறவு அது, ஒரே பேரினம்.

இதிலும் ஒரு குழி இருக்கிறது. மரக்கடையில் 'நாலு அங்குலப் பலகை' என்று அமெரிக்காவில் கேட்டால் இன்று கிடைப்பது மூன்றரை அங்குலம்தான். இழைத்துச் சீவிய பிறகு மிஞ்சும் அகலம் அது. 1950களில் அதே 'நாலு அங்குலம்' 3⅝ அங்குலமாக இருந்தது. எட்டில் ஒரு அங்குலம்தானே என்று விட்டால் நீளத்தில் மூன்றரை சதவீதப் பிழை. நீளப் பிழை எடையில் அப்படியே நிற்காது, பெருகும். நீளம் பத்து சதவீதம் தவறினால் எடை முப்பத்து மூன்று சதவீதம் தவறும். எடை நீளத்தின் மூன்றாம் படியை ஒட்டிப் போவதுதான் காரணம். பழைய மரச் சந்தையின் அளவு தெரியாமல் பழைய கடலின் மீனை அளக்க முடியாது என்பது எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை.

உங்கள் இரண்டாவது கேள்வி: மீன் தெரியாத ஆட்கள்.

மீன் தெரிந்த ஆளே இங்கே திணறுவார். படங்கள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. ரெட் ஸ்னாப்பரின் 'ரெட்' அதில் இல்லை! சந்தையில் நாம் சங்கராவைத் தூரத்திலிருந்தே நிறத்தை வைத்துக் கண்டுபிடிப்போம்; திரையில் அது ஒரு சாம்பல் நிற மீன். பக்கத்தில் அதன் உறவான வெர்மிலியன் ஸ்னாப்பர், அதுவும் சாம்பல். அப்போது உருவத்தைத்தான் பார்க்க வேண்டும். ரெட் ஸ்னாப்பருக்கு முகம் நீண்டு முக்கோணமாக இருக்கும். வயிற்றுப் பக்கம் பின்னால் உள்ள துடுப்பு கூராக முடியும். வெர்மிலியனுக்கு உடம்பு ஒல்லி, கண் பெரிது, வால் நன்றாகப் பிறை மாதிரி வெட்டியிருக்கும். கிங் மேக்கரலுக்கும் அதன் தம்பி ஸ்பானிஷ் மேக்கரலுக்கும் பக்கவாட்டுக் கோட்டில் வித்தியாசம்: கிங்குக்கு இரண்டாவது முதுகுத் துடுப்புக்குக் கீழே அந்தக் கோடு சடாரென்று இறங்கும், ஸ்பானிஷுக்கு மெதுவாகச் சரியும். நல்ல வெளிச்சத்தில் எடுத்த படத்தில் இது தெரியும். மற்ற படத்தில் அரை மணி நேரம் உற்றுப் பார்த்தாலும் தெரியாது.

நான் முதலில் செய்த தப்பு என்ன தெரியுமா? தெரியாததையும் தெரிந்த பெயரில் போட்டேன். வரிசையில் ஒன்பது ரெட் ஸ்னாப்பர் அடையாளம் தெரிந்துவிட்டால், பத்தாவதாக அரைகுறையாக மறைந்திருப்பதையும் கை அதே பெயரில் குத்திவிடும். அடையாளம் தெரியவில்லை என்று விடுவதுதான் சரியான பதில். அதற்குக் கொஞ்சம் பழக வேண்டியிருந்தது.

தனி ஆளின் பதிலை நம்பி இந்தத் திட்டங்கள் ஓடுவதில்லை. ஒரே படம் பல பேருக்குப் போகிறது, ஒருவர் போட்டது மற்றவருக்குத் தெரியாது. ஏழு பேர் எண்ணியதாக வையுங்கள்: 31, 32, 30, 32, 33, 32, 18. பதினெட்டு போட்டவர் மேல் வரிசையை மட்டும் எண்ணிவிட்டார். சராசரி எடுத்தால் முப்பதுக்குக் கீழே இறங்கிவிடும். வரிசைப்படுத்தி நடு எண்ணை எடுத்தால் 32. பதினெட்டு போட்டவரால் அதை அசைக்க முடியாது. எல்லோரும் ஒத்துப்போகும் படங்களை அப்படியே ஏற்கலாம். பதில்கள் சிதறும் படங்கள் தனியாக ஒதுங்கும். அவற்றைப் பார்க்க ஒரு சரிபார்ப்புக் குழு உண்டு. அதில் விஞ்ஞானிகளோடு அந்தக் கடலில் மீன் பிடித்துப் பழகிய மீனவர்களும் உட்கார்ந்தார்கள். என் பார்வையில் இந்தத் திட்டத்தின் மிக நல்ல முடிவு இதுதான். மீன் தொங்கும் விதத்தை வைத்தே, முகம் தெரியாவிட்டாலும், இது இன்ன மீன் என்று சொல்லக்கூடியவர்கள் அவர்கள். வீட்டிலிருந்து எண்ணுகிறவர்கள் எளிய படங்களை முடித்துக் கொடுத்தால்தான், இந்த அனுபவசாலிகளின் நேரம் கஷ்டமான படங்களுக்கு மிஞ்சும்.

மீனோடு ஆட்களையும் எண்ண வேண்டியிருப்பதற்கும் காரணம் இருக்கிறது. நாற்பது மீனை நான்கு பேர் பிடித்ததும் நாற்பது பேர் பிடித்ததும் ஒன்றா? ஆளுக்கு எத்தனை என்பது மீன்வளக் கணக்கில் மிகவும் பயன்படும் எண். ஆனால் இதுவும் கச்சிதமான எண் கிடையாது. வேடிக்கை பார்க்க வந்தவர் படத்தில் நிற்பார். மீன் பிடித்தவர் களைத்துப்போய் வீட்டுக்குப் போயிருப்பார். எத்தனை மணி நேரம் தூண்டில் போட்டார்கள் என்பது எந்தப் படத்திலும் இருக்காது. எண்ணோடு அது எவ்வளவு தவறக்கூடும் என்பதையும் சேர்த்துக் கொடுத்தால்தான் மீன்வள மதிப்பீட்டில் அதற்கு இடம்.

படங்கள் எந்தக் கேள்விக்கு உறுதியாகப் பதில் சொல்லும் என்று கேட்டால், என்னென்ன மீன் வந்தது, எது எவ்வளவு பங்கு, எவ்வளவு பெரியது என்ற மூன்றுக்கும் நன்றாகச் சொல்லும். மொத்தம் எவ்வளவு பிடித்தார்கள் என்பதற்குச் சொல்லாது. அதற்குப் படகுகளின் எண்ணிக்கை, அவை கடலுக்குப் போன நாட்கள், பழைய செய்தித்தாள் விளம்பரங்கள், இன்னும் உயிரோடு இருக்கும் படகோட்டிகளின் ஞாபகம் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்ட வேண்டும். படம் அதில் ஒரு கல்.

கடைசியாக, உங்கள் வீட்டிலோ தெரிந்தவர் வீட்டிலோ இப்படிப் படங்கள் இருந்தால் கேட்டுக்கொள்வது இதுதான். அழகுக்காக ஓரத்தை வெட்டாதீர்கள். ஓரத்தில் இருக்கும் பலகை, கம்பம், படகின் பெயர்தான் அளவுக்கும் இடத்துக்கும் ஆதாரம். மங்கலாக இருக்கிறது என்று செயலியில் போட்டுப் 'பளிச்' ஆக்கிய பிரதியை மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். அது மீனின் உடம்பில் இல்லாத கோட்டைப் போட்டுவிடும். மூலப் படத்தை அப்படியே அதிகத் தெளிவில் ஸ்கேன் செய்யுங்கள். மீன் குறைவாக இருக்கும் படத்தையும் ஒதுக்காதீர்கள், அது அரிது. அப்புறம் படத்தைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கத்தில் பென்சிலில் ஒரு தேதியோ பெயரோ எழுதியிருக்கும். அந்தப் பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். தேதி இல்லாவிட்டால், படத்தில் இருக்கும் யாராவது உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்துவிடுங்கள்.